உங்களுக்குத் தெரியுமா? சோடியாகத் திரியும் சிறுகோள்கள்

● சிறுகோளுக்கும் சந்திரன் உண்டு. முதலில் அகப்பட்டது டக்டில். 1993 ஓகஸ்ட் 28இல் கலிலியோ விண்கலம் ஐடா என்ற சிறுகோளைப் படம் பிடித்தது. அதன் பக்கத்தில் ஒரு குட்டி நிற்பதை மறு ஆண்டு பெப்ரவரியில்தான் கண்டுகொண்டார்கள்.

● பூமிக்கு அருகே வந்துபோகும் சற்றுப் பெரிய சிறுகோள்களில் சுமார் 15 வீதம் சோடிகள்தான்.

● இவற்றைப் பெரும்பாலும் சோடி சேர்த்துவைப்பது வெயில்! பல சிறுகோள்கள் ஒற்றைப் பாறையல்ல, கல்லும் கிரவலும் சேர்ந்த குவியல். வாங்கிய சூட்டை அவை திரும்ப வெளிவிடும்போது மெல்லிய உந்தல் பிறக்கிறது. உருவம் கோணல்மாணலாக இருந்தால் அந்த உந்தலே குவியலைச் சுழற்றிவிடும். சுழற்சி காலப்போக்கில் வேகமெடுத்து, இரண்டரை மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்று என்றாகும்போது இடுப்புப் பகுதிக் கற்கள் கழன்று பறக்கும். அவை திரண்டால் சந்திரன்.

● டிடிமோஸ் என்ற சிறுகோள் சுமார் 780 மீற்றர் அகலம். அதைச் சுற்றும் டைமோர்போஸ் 160 மீற்றர்தான். ஒரு சுற்றுப் பாதை ஏறக்குறைய ஏழரைக் கிலோமீற்றர், அதாவது கல்முனையிலிருந்து நிந்தவூர் மட்டும். நாம் நடந்தால் ஒன்றரை மணித்தியாலம். அதற்கோ 11 மணி 55 நிமிடம் பிடித்தது.

● பிடித்தது என்று சொல்லக் காரணம், 2022 செப்டெம்பர் 27. அன்று அதிகாலை 4.44க்கு, நம்மூர்ப் பள்ளிகளில் சுபஹு பாங்கு ஒலிக்கும் வேளையில், பாதையை மாற்றிப் பார்க்கவென்றே நாசா அனுப்பிய டார்ட் விண்கலம் செக்கனுக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் டைமோர்போஸில் மோதியது. சுற்றும் நேரம் 73 செக்கன் குறைந்தாலே வெற்றி என்றிருந்தார்கள். குறைந்ததோ 33 நிமிடம்!

● சோடியைத் தேடிப்போய் இடித்ததும் கணக்கோடுதான். தனிச் சிறுகோளை இடித்தால், சூரியனைச் சுற்றும் அதன் பாதையில் வரும் மாற்றம் அளக்க முடியாத அளவு சிறியது. சோடியென்றால் கிரகணம் காட்டிக்கொடுக்கும். பூமித் தொலைநோக்கிகளுக்கு இரண்டும் ஒரே புள்ளிதான், ஆனால் ஒன்று மற்றதை மறைக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளி மங்கும். மங்கல்களின் இடைவெளியே சுற்றும் நேரத்தைச் சொல்லிவிடும். நாம் எப்போதாவது வரும் கிரகணத்துக்குத்தான் பள்ளியில் தொழுகை அறிவிப்போம். அங்கே சரியான கோணம் வாய்த்தால் அரை நாளுக்குள் இரண்டு கிரகணம்.

● அன்டியோப்பே என்ற சிறுகோள் சோடி வேறு ரகம். ஏறக்குறைய ஒரே பருமனான இரண்டு, ஒவ்வொன்றும் 85 கிலோமீற்றர் அளவில். எது எதைச் சுற்றுகிறது? இரண்டும், நடுவிலுள்ள வெற்றிடத்தை!

● ஆபத்தான சிறுகோள்களைத் தேடும் பணிக்கு வழங்கும் ‘ஸ்பேஸ்கார்ட்’ என்ற பெயர், ஆர்தர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. இலங்கையில் குடியேறி, திருகோணமலைக் கடலில் சுழியோடியவர் அவர்.