வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்!

“மெஷின்ல தண்ணியே ஏறலப்பா. போர்டு மாத்தணுமாம், 5,000 ரூபாய் ஆகுமாம்.” திருவையாற்றிலிருந்து அம்மா போன் செய்தார்கள். மூட்டுவலியோடு கையால் துவைத்துக் கொண்டிருந்தார்கள். சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்பினேன்.

ஆட்டோமேடிக் மெஷினுக்குள் ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் நிரம்பாவிட்டால் எர்ரர் காட்டி நின்றுவிடும். மானிட்டர் இருண்டால் முதலில் கேபிளைத்தானே பார்ப்போம்? இங்கும் எளியதிலிருந்து தொடங்குங்கள்.

1. பிளக்கையே கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

2. குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்புறம் தண்ணீர் ஹோஸைக் கழற்றுங்கள்.

3. உள்ளே சிறிய சல்லடை தெரியும். கட்டிங் பிளேயரால் மெதுவாக இழுங்கள்.

4. பழைய டூத் பிரஷ்ஷால் கழுவுங்கள். உப்பு படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள்.

5. மீண்டும் மாட்டி, குழாயைத் திறந்து, ஒழுகவில்லை என்று உறுதி செய்தபின் பிளக்கைச் செருகுங்கள்.

எங்கள் சல்லடையை அடைத்திருந்தது போர் தண்ணீரில் வந்த மணல்! மெஷின் ஓடியது. செலவு, ஒரு எலுமிச்சம்பழம்.

இதற்கும் சரியாகவில்லையா? மெக்கானிக்கை அழையுங்கள். பின்மூடியைத் திறக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். போலவே, பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

இப்போது மாதம் ஒருமுறை அம்மாவே சல்லடையைக் கழுவிவிடுகிறார்கள்.