வீட்டைச் சுமக்கும் பிக்-அப்: ஸ்பிரிங் தாங்கினால் போதுமா?

மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சே முறிந்துவிடும் என்று எச்சரித்தவர் திருவள்ளுவர். அந்த எச்சரிக்கை இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பிக்-அப் வாகனங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. காரணம், அங்கே பலர் பிக்-அப்பின் முதுகில் ஏற்றிச் செல்வது மயிலிறகு அல்ல, ஒரு வீடு!

கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை என எல்லாம் அடங்கிய பெட்டி வீடு அது. பிக்-அப்பின் பின்தட்டில் தள்ளிப் பொருத்துவதால் அதற்கு ‘ஸ்லைட்-இன் கேம்பர்’ என்று பெயர். ஓய்வு பெற்ற தம்பதியரும் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் புறப்படும் குடும்பத்தினரும் இதை விரும்பி வாங்குகிறார்கள். வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனுக்குச் சொந்தமாகச் சக்கரம் உண்டு. கேம்பருக்கோ சக்கரம் இல்லை. அதன் எடை முழுவதும் பிக்-அப்பின் மேல்தான் இறங்குகிறது.

ஏற்றியவுடன் வாகனத்தின் பின்பக்கம் தாழ்கிறது. வளைவில் திரும்பினால் வீடே சாய்வது போல் இருக்கிறது. பெரிய லோரி ஒன்று கடந்து போனால் வாகனம் ஆடுகிறது. “ஸ்பிரிங்கைப் பலப்படுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பதுதான் அப்போது பலருக்கும் கிடைக்கும் ஆலோசனை. அது எந்த அளவுக்கு உண்மை?

முதலில் கணக்கு

அமெரிக்காவில் விற்கப்படும் பிக்-அப்பில் ஓட்டுநரின் கதவை ஒட்டிய சட்டத்தில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று அங்கே பிக்-அப்களை வகைப்படுத்தி அழைப்பது பழைய வழக்கம். இன்றைய வாகனங்களின் உண்மையான சுமைத் திறனை அந்தப் பெயர்கள் காட்டுவதில்லை. ஒட்டுத்தாளில் உள்ள எண்தான் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒட்டுத்தாள் 1,300 கிலோ என்கிறது. கேம்பரின் விளம்பரத் தாளில் 1,100 கிலோ என்று இருக்கிறது. “இன்னும் 200 கிலோ மிச்சம் இருக்கிறதே” என்று மனம் நிம்மதி அடையும். ஆனால் விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் காலிப் பெட்டியின் எடை. 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ. சமையல் எரிவாயுத் தோம்பு இரண்டு, 35 கிலோ. பேட்டரி இரண்டு, 50 கிலோ. குளிரூட்டியும் வெயில் மறைப்பும் 60 கிலோ. துணிமணி, பாத்திரம், உணவு 150 கிலோ. கணவன், மனைவி இருவரும் 150 கிலோ. கூட்டிப் பார்த்தால் 1,695 கிலோ! வரம்பைவிட 395 கிலோ அதிகம். வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே வாகனம் தோற்றுவிட்டது.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஏற்றப் பலகை விளையாட்டில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். பின்பக்கம் அழுந்தும், முன்பக்கம் எழும்பும். முன் சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அமெரிக்கச் சட்டப்படி கேம்பர் தயாரிப்பாளர் அதன் எடையையும் எடை மையத்தையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மையம் எந்த இடத்துக்குள் இருக்கலாம் என்பதைப் பிக்-அப் தயாரிப்பாளர் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பட்டைகள் எப்படிச் சுமக்கின்றன?

பெரும்பாலான பிக்-அப்களின் பின்பக்கத்தைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள் அவை. வீட்டில் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளைகளின் பிளாஸ்டிக் அடிக்கோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, முனையை விரலால் அழுத்துங்கள். இருமடங்கு அழுத்தினால் ஏறக்குறைய இருமடங்கு வளையும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இதுதான். இப்போது இரண்டு அடிக்கோல்களைச் சேர்த்து வைத்து அதே அளவு அழுத்துங்கள். வளைவு பாதியாகக் குறையும். பட்டைகளைக் கூட்டினால் பின்பக்கம் தாழ்வது குறைவதற்குக் காரணம் இதுவே.

தாழ்வா, சாய்வா, துள்ளலா?

மருந்து வாங்கும் முன் நோய் என்னவென்று தெரிய வேண்டும். மூன்று குறைகளுக்கும் மூன்று வெவ்வேறு வைத்தியம்.

பின்பக்கம் தாழ்ந்தால் நான்கு வழிகள் உண்டு. முதல் வழி, கூடுதல் பட்டை சேர்ப்பது. செலவு குறைவு, உறுதி அதிகம். ஆனால் கேம்பரை இறக்கிய பிறகு வெறும் வாகனம் கட்டை வண்டி போல் குலுக்கும். கேம்பரை எப்போதும் ஏற்றியே வைத்திருப்பவருக்குத்தான் இது ஏற்றது.

இரண்டாவது, ஏற்கெனவே உள்ள துணைப் பட்டையை முன்கூட்டியே வேலை செய்ய வைப்பது. பெரிய அமெரிக்கப் பிக்-அப்கள் பலவற்றில் அடுக்கின் மேலே தடித்த பட்டை ஒன்று இருக்கும். வாகனம் நன்றாக அழுந்திய பிறகுதான் அது சட்டகத்தில் உள்ள தாங்கியைத் தொடும். இடையில் உள்ள இடைவெளியை ஒரு கட்டையால் அடைத்துவிட்டால், அது தொடக்கத்திலேயே தோள் கொடுக்கும்.

மூன்றாவது, அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே உள்ளீடற்ற ரப்பர் ஸ்பிரிங் பொருத்துவது. காற்றுக் கசியும் கவலை இல்லை. ஆனால் சுமைக்கு ஏற்ப அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

நான்காவது, காற்று ஸ்பிரிங். விபத்தில் விரியும் காற்றுப் பையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது டயர் போல் காற்றடைத்த ரப்பர்ப் பை. கேம்பரை ஏற்றும்போது காற்றைக் கூட்டலாம், இறக்கியதும் குறைக்கலாம். இடது பைக்கும் வலது பைக்கும் தனித்தனிக் குழாய் வைப்பது அவசியம். ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அழுந்தும் பையிலிருந்து காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். சாய்வு குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

வாகனம் பக்கவாட்டில் சாய்ந்தால் அதற்கு மருந்து வேறு. கேம்பர் உயரமானது. அதன் எடை மையமும் உயரத்தில் இருக்கிறது. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பி இங்கே உதவும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். ஆனால் அது எடையைச் சுமக்காது. தாழ்ந்த பின்பக்கம் அதனால் உயராது.

மேடு பள்ளத்தைக் கடந்த பிறகும் வாகனம் இரண்டு மூன்று முறை துள்ளினால், குறை ஷாக் அப்சோர்பரில் இருக்கிறது. இதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். வழக்கமான ஷாக் அப்சோர்பர் எடையைத் தாங்குவதில்லை. துள்ளலின் சக்தியை வெப்பமாக மாற்றி அடக்குவதே அதன் வேலை. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், அதை அடக்கும் வலிமை உள்ள ஷாக் அப்சோர்பரும் வேண்டும்.

மறக்கப்படும் டயர்

எடை கடைசியாகப் போய்ச் சேரும் இடம் டயர். அதன் பக்கச் சுவரில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450 கிலோ. பின் அச்சில் 2,600 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை டயர் இரண்டும் சேர்ந்து 2,240 கிலோதான் தாங்கும். இரண்டாவது வகை 2,900 கிலோ தாங்கும். குறிப்பிட்ட அளவு காற்று இருந்தால்தான் இந்தத் திறனும் கிடைக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கிச் சூடேறி, கடைசியில் வெடிக்கக்கூடும். டயரை மாற்றுபவர்கள் ரிம் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். சாய்வு, ஆட்டம் என்று குறைப்படும் சிலருக்கு, டயர்க் காற்றைச் சரிசெய்ததுமே பாதிக் குறை தீர்ந்துவிடுவது உண்டு.

உயர்த்தலாம், கூட்ட முடியாது

இத்தனையும் செய்த பிறகு வாகனம் நிமிர்ந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. ஒட்டுத்தாளில் உள்ள 1,300 கிலோ இன்னும் 1,300 கிலோதான். எந்த ஸ்பிரிங்கும் அந்த எண்ணை மாற்றுவதில்லை. அச்சு, அதன் பேரிங், பிரேக், சட்டகம் எல்லாம் பழையவையே. ராக்கி மலைத்தொடர் போன்ற இடங்களில் நீண்ட இறக்கத்தில் வரும்போது, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் உயிரை நிமிர்ந்து நிற்கும் ஸ்பிரிங் காப்பாற்றாது.

சட்டகத்துக்கும் ஆபத்து உண்டு. லீஃப் ஸ்பிரிங் எடையை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் சட்டகத்துக்குப் பகிர்ந்து தருகிறது. காற்று ஸ்பிரிங்கும் ரப்பர் ஸ்பிரிங்கும் அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் முட்டுகின்றன. அச்சுக்குப் பின்னால் அதிக எடை தொங்க, கரடுமுரடான பாதையில் ஓடினால், அந்த இடத்தில் சட்டகம் வளைந்துவிடக்கூடும். ஆஸ்திரேலியாவில் நான்கு கதவு பிக்-அப்கள் சில இப்படி வளைந்திருக்கின்றன.

ஆகவே வரிசை இதுதான். எல்லாப் பொருள்களோடும் ஆட்களோடும் எடை நிலையத்தில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். வரம்பு மீறினால் பொருளைக் குறைக்க வேண்டும், அல்லது சிறிய கேம்பரையோ பெரிய பிக்-அப்பையோ தேட வேண்டும். வரம்புக்குள் இருந்தால் டயரைச் சரிபார்க்க வேண்டும். ஸ்பிரிங் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

இது அமெரிக்கர்களின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மலேசியாவில் செம்பனைக் குலையும் சந்தைச் சாமானும் ஏற்றும் பிக்-அப்களிலும் இதே லீஃப் ஸ்பிரிங்தான் பெரும்பாலும் இருக்கிறது. பட்டை சேர்த்தால் இன்னும் அரை டன் ஏற்றலாம் என்ற நினைப்பும் இங்கே இருக்கிறது. வாகனத்தில் மாற்றம் செய்வதற்கு முன் அதற்கு அனுமதி தேவையா என்று ஜேபிஜேயிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மயிலிறகைப் பற்றி வள்ளுவர் சொன்னது ‘வலியறிதல்’ அதிகாரத்தில். வலிமையைக் கூட்டுவதற்கு முன், இருக்கும் வலிமை எவ்வளவு என்று அறிய வேண்டும். பிக்-அப் வைத்திருப்பவருக்கு அந்த அளவு கதவோரத்திலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. குனிந்து படித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.