ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே கார் நிற்குமா? எலெக்ட்ரிக் கார்களின் 'ஒன் பெடல் டிரைவிங்'... டிரைவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

எலெக்ட்ரிக் காரை முதன்முறையாக ஓட்டுபவர்கள் பலர் முதல் சிக்னலிலேயே திகைத்துப் போகிறார்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த உடனே, யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல வண்டியின் வேகம் குறைகிறது. 'பிரேக்கைத் தொடவே இல்லையே, எப்படி நின்னுச்சு?' என்பதுதான் வழக்கமான முதல் கேள்வி.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு 'இனிமே பழைய கார் வேண்டாம்' என்பவர்களும் இருக்கிறார்கள். 'இது நமக்கு ஒத்து வராது' என்று அந்த வசதியை ஆஃப் செய்துவிட்டு, திரும்ப ஆன் செய்யாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே வசதிக்கு ஏன் இப்படி இரண்டு விதமான ரியாக்‌ஷன்? இதில் பாதுகாப்புச் சிக்கல் ஏதும் இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

ஒன் பெடல் டிரைவிங் என்றால் என்ன?

பெட்ரோல், டீசல் கார்களில் ஆக்சிலேட்டர் வேகத்தைக் கூட்ட, பிரேக் வேகத்தைக் குறைக்க. ஒன் பெடல் முறையில் இந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஆக்சிலேட்டரே பார்த்துவிடுகிறது. அழுத்தினால் வேகம் கூடும். கொஞ்சம் தளர்த்தினால் குறையும். முழுவதும் எடுத்துவிட்டால், சில கார்களில் வண்டி நின்றே விடும். பிரேக் பெடல் அதன் இடத்திலேயேதான் இருக்கும், தேவைப்படும் நேரம் மட்டும் குறைவு.

2013-ல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 இந்த உணர்வைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. 2017-ல் நிஸான் நிறுவனம் தனது புதிய லீஃப் காரில் 'இ-பெடல்' என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது. அன்றாட ஓட்டத்தில் சுமார் 90 சதவீதத்தை இந்த ஒரே பெடலில் முடித்துவிடலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. இந்தியாவில் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் காரில் 'ஐ-பெடல்' என்ற பெயரில் இந்த வசதி உள்ளது. டாடா நெக்ஸான் இவி போன்ற கார்களில் இழுவையின் அளவை 0 முதல் 3 வரை டிரைவரே வைத்துக்கொள்ளலாம்.

காலை எடுத்ததும் வண்டி ஏன் இழுக்கிறது?

பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். டயரில் டைனமோவை ஒட்ட வைத்ததும் லைட் எரியும், ஆனால் பெடல் கனமாகிவிடும். மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கு கரண்டாக மாறுவதால் வரும் கனம் அது.

எலெக்ட்ரிக் காரிலும் அதே கதைதான். கரண்ட் கொடுத்தால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். காலை எடுத்ததும் நிலைமை தலைகீழ்: ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. இதற்குப் பெயர் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், சுருக்கமாக 'ரீஜென்'. சாதாரண பிரேக்கில் வெப்பமாகி வீணாகும் சக்தியில் ஒரு பகுதி இங்கே திரும்பக் கிடைக்கிறது.

எவ்வளவு கரண்ட் மிச்சமாகும்?

1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அந்த ஓட்டத்தில் உள்ள சக்தி சுமார் 58 வாட்-அவர். இது ஒரு யூனிட்டில் 17-ல் ஒரு பங்குதான். அதிலும் முழுவதும் திரும்பி வராது. மோட்டார், பேட்டரி என ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் இழப்பு உண்டு. ஒருமுறை நிறுத்துவதில் கிடைப்பது, காரைச் சில நூறு மீட்டர் ஓட்டும் அளவுக்கு மட்டுமே.

ஆனால் நகர டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நிறுத்தி எடுக்கிறோம்? அங்கேதான் இது கணக்கில் சேர்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் ரீஜெனுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே காரைத் தடையில்லாமல் உருள விடுவதே லாபம்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஒன் பெடலை ஆஃப் செய்தால் ரீஜென் மொத்தமும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எல்லா கார்களிலும் அப்படி இல்லை. பல எலெக்ட்ரிக் கார்களில் பிரேக் பெடலை மெதுவாக அழுத்தினாலும் முதலில் ரீஜென்தான் வேலை செய்யும், போதாதபோது மட்டுமே பிரேக் பேட் பிடிக்கும். போர்ஷே டைகான் இந்த வழியில் போகும் கார். காலை எடுத்தால் உருண்டு போகும், பிரேக்கை அழுத்தினால் கரண்ட் எடுக்கும்.

டிரைவர்களுக்கு ஏன் பிடிக்கிறது?

• டிராஃபிக்கில் கால் அங்கும் இங்கும் தாவ வேண்டியதில்லை. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று மூன்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

• பிரேக் பேட் தேய்மானம் குறைவு. பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கே போதும் என்று ஃபோக்ஸ்வேகன் தனது ஐடி.3, ஐடி.4 எலெக்ட்ரிக் கார்களில் வைத்திருக்கிறது.

• வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தலாம். காலை எவ்வளவு தளர்த்துகிறோமோ அவ்வளவு வேகம் குறையும்.

ஏன் சிலருக்குப் பிடிக்கவில்லை?

பெரிய புகார், பின் சீட்டில் இருந்து வருகிறது. 'வயித்த பெரட்டுது' என்பதுதான் அது. பெட்ரோல் காரில் காலை எடுத்தால் வண்டி கொஞ்ச தூரம் உருளும். ஒன் பெடலில் கால் லேசாக அசைந்தாலும் வண்டி முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். டிரைவருக்கு அது முன்கூட்டியே தெரியும். மொபைலைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தலைசுற்றல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டும் விதம். காலைச் சட்டென்று எடுக்கும் பழைய பழக்கத்தோடு ஒன் பெடலில் ஓட்டினால் குலுக்கல் நிச்சயம். மெதுவாகத் தளர்த்தப் பழகினால், அல்லது ரீஜென் அளவைக் குறைத்து வைத்தால், இந்தப் புகார் பெருமளவு குறையும்.

சிக்கல் தொடங்கும் இடம்: காலின் பழக்கம்

பழகியவர்களுக்கும் இதில் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. பல வாரம் பிரேக்கைத் தொடாமலே ஓட்டியவர் முன்னால் திடீரென்று ஒரு குழந்தை ஓடி வந்தால், அவர் கால் என்ன செய்யும்? காலை எடுத்தாலே நிற்கும் என்ற நினைப்பில் பிரேக்குக்குப் போகத் தாமதித்தால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. நிஸான் இ-பெடல் காலை எடுத்ததும் அதிகபட்சமாகக் கொடுக்கும் இழுவை 0.2 ஜி. அதாவது ஒவ்வொரு நொடியும் சுமார் 7 கிலோமீட்டர் வேகம் குறையும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து அந்த இழுவையில் மட்டும் நிற்க சுமார் 70 மீட்டர் தேவை. காய்ந்த ரோட்டில் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தினால் 17, 18 மீட்டரில் நிற்கலாம். சுதாரிக்க எடுக்கும் நேரம் இரண்டிலும் தனி. இடையில் இருக்கும் அந்த 50 மீட்டர்தான் உயிருக்கும் விபத்துக்கும் உள்ள தூரம்.

நம்ம ஊரில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. பல வீடுகளில் ஒரு எலெக்ட்ரிக் கார், ஒரு பெட்ரோல் கார் என்று இரண்டும் நிற்கின்றன. ஆக்டிங் டிரைவர்கள் இன்று ஒரு கார், நாளை வேறொரு கார் ஓட்டுகிறார்கள். ஒன் பெடலுக்குப் பழகிய கால் பெட்ரோல் காரில் ஏறினால், காலை எடுத்தும் வண்டி நிற்காது. இதை முதல் திருப்பத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது.

பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

பிரேக் பெடலை அழுத்தாமலே வண்டி நின்றால், பின்னால் சிவப்பு லைட் எரியுமா? பைக்கில் ஒட்டி வருபவருக்கு இது முக்கியமான கேள்வி.

ஐ.நா.வின் வாகன பிரேக் விதிமுறை இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. ரீஜெனால் ஒரு நொடிக்குச் சுமார் 4.7 கிலோமீட்டருக்கு மேல் வேகம் குறைந்தால், பிரேக் லைட் கட்டாயம் எரிய வேண்டும். நொடிக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர் வரை குறைந்தால் எரியக் கூடாது. இடைப்பட்ட அளவில் எரியலாம், எரியாமலும் இருக்கலாம்.

ஆனாலும் இதில் கோளாறு வந்திருக்கிறது. 2023-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு சில எலெக்ட்ரிக் கார்களைச் சோதித்தபோது, ஆக்சிலேட்டரில் கால் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தாலே, வேகம் நன்றாகக் குறையும்போதும் பிரேக் லைட் எரியாததைக் கண்டுபிடித்தது. லைட்டை முடிவு செய்வது கம்ப்யூட்டர் என்பதால், மென்பொருள் தவறினால் லைட்டும் தவறும்.

சீனா என்ன செய்தது?

2023 மே மாதம் சீனாவில் 11 லட்சத்துக்கும் அதிகமான டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ரீஜென் அளவை டிரைவர் தேர்வு செய்ய முடியவில்லை, ஆக்சிலேட்டரை ஆழமாக, நீண்ட நேரம் அழுத்தும்போது போதுமான எச்சரிக்கை வரவில்லை என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. இரண்டும் சேர்ந்து, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் வாய்ப்பைக் கூட்டலாம் என்றது அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம். கார்கள் ஷோரூமுக்குப் போகவில்லை, இணையம் வழியாக மென்பொருள் மாற்றப்பட்டது.

அடுத்து, 2026 ஜனவரி 1 முதல் புதிய பிரேக் விதியையும் சீனா கொண்டு வந்தது. காரை ஸ்டார்ட் செய்ததும் வரும் இயல்பான மோடில், காலை எடுத்த மாத்திரத்தில் வண்டி முழுவதுமாக நிற்கக் கூடாது. ஒன் பெடலுக்குத் தடை கிடையாது. வேண்டுமென்றால் டிரைவரே தெரிந்து ஆன் செய்துகொள்ளலாம்.

கார் நிறுவனங்களிலும் இந்த யோசனை இருக்கிறது. அதே நிஸான், லீஃபுக்குப் பிறகு கொண்டு வந்த ஆரியா காரின் 'இ-பெடல் ஸ்டெப்' முறையில், காலை எடுத்தால் வேகம் நன்றாகக் குறையும். ஆனால் நிற்பதற்குப் பிரேக்கை அழுத்த வேண்டும்.

மலைப்பாதையில் எப்படி?

இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே வண்டியை இறக்குவது லாரி டிரைவர்களின் பால பாடம். ரீஜென் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும், பிரேக் சூடாகாது. ஒரு நிபந்தனை: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும்.

ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி 7 யூனிட்டுக்கும் மேல். டயர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் போக மிச்சம் பேட்டரிக்குள் போக வேண்டும். ஊட்டியிலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அதற்கு இடம் ஏது? அப்போது ரீஜென் பலவீனமாகும். சில கார்களில், நேற்று ஏறும்போது இருந்த இழுவை இன்று இறங்கும்போது இருக்காது.

ஓட்டும் முன் கவனிக்க வேண்டியவை

• ஸ்டார்ட் செய்ததும் ரீஜென் எந்த அளவில் இருக்கிறது என்று திரையில் பாருங்கள். வேறு யாராவது மாற்றி வைத்திருக்கலாம்.

• புதிதாகப் பழகுபவர்கள் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழு ஒன் பெடல் வேண்டாம்.

• அவசரம் என்றால் பிரேக் பெடல்தான். காலியான ரோட்டில் அவ்வப்போது பிரேக்கை அழுத்திப் பழகுங்கள். கால் அந்த இடத்தை மறக்காது, பிரேக் டிஸ்க்கில் துருவும் சேராது.

• ரீஜெனில் வேகம் குறையும்போது பிரேக் லைட் எரிகிறதா என்று பின்னால் வரும் நண்பரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

• மலையில் இருந்து இறங்கும் முன் பேட்டரியை முழுவதும் நிரப்ப வேண்டாம்.

• ஆக்டிங் டிரைவரிடமோ, வீட்டில் வேறொருவரிடமோ சாவியைக் கொடுக்கும்போது, 'இதுல காலை எடுத்தாலே வண்டி இழுக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.