அஞ்சும் இரவில் பிறந்த எதிர்நோக்கு



கிறிஸ்து பிறப்பு விழா வந்தாலே வீட்டு வாசலில் நட்சத்திரம், மூலையில் குடில், வாழ்த்து அட்டையில் பனி பொழியும் அமைதியான இரவு. ஆனால் முதல் கிறிஸ்து பிறப்பு இரவு அத்தனை அமைதியானதா?

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். அந்நிய ஆட்சி நடக்கிறது. அகுஸ்து சீசரின் கட்டளைக்குப் பணிந்து, நிறைமாதக் கர்ப்பிணி நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்கிறார். தங்க இடமில்லை. எருசலேமில் ஏரோது இருக்கிறான். இயேசுவின் பிறப்பு நிகழ்வுகளில் "அஞ்ச வேண்டாம்" என்ற செய்தி நான்கு முறை வருகிறது: செக்கரியாவுக்கு (லூக் 1:13), மரியாவுக்கு (லூக் 1:30), யோசேப்புக்கு (மத் 1:20), இடையர்களுக்கு (லூக் 2:10). அச்சமில்லாதவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அஞ்சி நின்றவர்களுக்குத்தான் முதலில் நற்செய்தி வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்ப விழா. அன்று காலை ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அதில் அடங்குவர். அப்போது நான் இளங்குரு. முகாமில் ஒரு மீனவத் தாய், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "முந்தாநாள் ராத்திரி பொறந்த பாலன் எங்க சாமி போனாரு?" நான் பேசாமல் நின்றேன். குருமடத்தில் படித்த இறையியல் எதுவும் வாயில் வரவில்லை.

இரவில் அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தியை மீண்டும் எடுத்துப் படித்தேன் (மத் 2:13-15, 19-23). ஏரோதுக்குத் தப்பி, யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். பாலன் எங்கே போனார்? உயிர் தப்ப ஓடியவர்களோடு ஓடிக்கொண்டிருந்தார். வீடிழந்தவர்களோடு வீடிழந்து கிடந்தார்.

அந்தப் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு இது விளக்கம் ஆகாது. பெத்லகேமில் கொல்லப்பட்ட மாசற்ற குழந்தைகளை டிசம்பர் 28 அன்று நினைவுகூரும் திருச்சபையும், அவர்கள் சாவுக்குக் காரணம் சொல்லி நம்மைத் தேற்றுவதில்லை. அழும் தாய்மார் பக்கத்தில் நிற்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறது: எகிப்துக்கு ஓடித் தப்பிய அதே இயேசு கல்வாரியில் தப்பவில்லை, ஆனால் சாவு அவரைப் பிடித்து வைக்கவும் முடியவில்லை. குடிலிலிருந்து கல்லறை வரை நம்மோடு வந்து, அதையும் தாண்டிச் சென்றவர் அவர். நம் எதிர்நோக்கு இதில்தான் வேரூன்றி இருக்கிறது.

எனவே எதிர்நோக்கு என்பது "எனக்கு ஒன்றும் நேராது" என்னும் தைரியம் அல்ல. எது நேர்ந்தாலும் அங்கே கடவுள் நம்மோடு இருப்பார் என்ற உறுதி. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு எதிர்நோக்கு பற்றி எழுதிய சுற்றுமடலில், எதிர்நோக்கு உள்ளவரின் வாழ்க்கை முறையே மாறிவிடுகிறது என்கிறார். யோசேப்பைப் பாருங்கள். அச்சம் இருந்தது, ஆனாலும் எழுந்தார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இன்று நமக்கும் அச்சங்கள் உண்டு. மருத்துவர் தரப்போகும் அறிக்கை, அடைபடாத கடன், வெளிநாட்டில் வேலை செய்யும் மகன், நாளும் வரும் போர்ச் செய்தி. அவற்றை மறைத்து வைத்துவிட்டு விழா கொண்டாட வேண்டியதில்லை. குடில்முன் முழந்தாள்படியிடும்போது அவற்றையும் அந்தத் தீவனத் தொட்டியருகே வையுங்கள். பிறகு, நம் பங்கில் இந்த ஆண்டு இழப்பைச் சந்தித்த ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள். பெரிதாக எதுவும் பேச வேண்டாம்; சற்றுநேரம் உடனிருந்தால் போதும். இம்மானுவேல் என்பதற்குப் பொருளே "கடவுள் நம்மோடு" என்பதுதானே!

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா நல்வாழ்த்துகளும் செபங்களும்.