மனச்சோர்வுச் சிகிச்சை நெறிமுறைகளின் தரம்

பெங்களூரில் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் அல்சூரில், உறக்கமின்மை, உடல்வலி, எதிலும் நாட்டமின்மை ஆகிய குறைகளோடு ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதாகக் கொள்வோம். இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அந்நகரின் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, இந்நோயுற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சை பெறவில்லை. எஞ்சியவருக்கேனும் கிடைக்கும் சிகிச்சை சரியானதாக இருத்தல் வேண்டும் அன்றோ?

மருத்துவருக்கு வழிகாட்டுவது சிகிச்சை நெறிமுறை. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017இல் தனது நெறிமுறையைப் புதுப்பித்தது. இத்தகைய நூல்களின் தரத்தை அளக்க 2010இல் வெளியான ‘அக்ரீ-2’ என்னும் அளவுகோல், ஆறு பிரிவுகளில் 23 கூறுகளை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுகிறது. எழுதியோரின் புகழுக்கு மதிப்பெண் இல்லை. ஆராய்ச்சிச் சான்றுகள் எவ்வாறு தேடப்பட்டன, நோயாளிகளின் கருத்துக் கேட்கப்பட்டதா, மருந்துக் கம்பெனிகளோடு உள்ள தொடர்பு வெளியிடப்பட்டதா என்பவையே வினாக்கள்.

நெறிமுறைகள் பெரும்பாலும் பின்தங்குவது நடைமுறைக்கு ஏற்றவையா என்னும் பிரிவில்தான். மருந்து பயன்தரச் சில வாரங்கள் ஆகும். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இதைக் கூறும் நூல், ஒருநாள் கூலியை இழந்து மாதந்தோறும் வர இயலாதவருக்கு மாத்திரை எவ்வாறு சேரும், வராதவரை யார் தேடிச் செல்வது என்பவற்றைக் கூறாவிடில், களப்பணியாளருக்குப் பாதி நூலே. உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் வெளியிட்டு 2016இல் திருத்திய கையேடு, மனநல நிபுணரல்லாதோருக்கென்றே எழுதப்பட்டது. நோயாளியை மீண்டும் எப்பொழுது பார்ப்பது என்பதும் அதில் உண்டு.