இழை எண்ணும் விரல்கள்

மஸ்கெலியாவைப் போன்றே நீலகிரியும் தேயிலை விளையும் மலைநாடாகும். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்நாட்டை விட்டுச் சென்ற நம் உறவினர் பலர் குடியேறியதும் அங்கேதான்.

அம்மலையின் பழங்குடியினர் தோடர். அவர்கள் அணியும் போர்வைக்குப் ‘புத்துக்குளி’ என்று பெயர். அந்த வெண்ணிறப் பருத்தித் துணியிலே, சிவப்பு, கறுப்பு நூல்களாற் பெண்கள் பூவேலை செய்கின்றனர். மரச்சட்டமும் இல்லை, வரைந்த மாதிரியும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். எண்ணிக்கை பிழைத்தாற் கோலம் குலைந்துவிடும். முடிந்த வேலையோ, தைத்ததா நெய்ததா என்று நம்மை ஐயுறச் செய்யும்.

2013 ஆம் ஆண்டு இக்கைவேலை புவிசார் குறியீடு பெற்றது. அப்பதிவு பெயரைக் காக்கும்; எண்ணும் பழக்கத்தைக் காப்பதற்குத் தாயின் அருகில் மகள் அமர்ந்து கற்கவேண்டும். நம் வீட்டுப் பாட்டிமாரின் கைவேலைக்கும் இது பொருந்துமன்றோ?