நமது நாடாளுமன்றம்

கோலாலம்பூரில், அன்னாசிப் பழத் தோலைப் போர்த்தியதுபோன்ற உயர்ந்த மாளிகை ஒன்றை மாணவர்கள் பலர் சுற்றுலாவின்போது கண்டிருப்பர். அதுவே நம் நாடாளுமன்றக் கட்டடம். 1963ஆம் ஆண்டு நவம்பரில் அது திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர், 1959 செப்டம்பர் 11ஆம் நாள், முதல் நாடாளுமன்றம் அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் கூடியது. 1969 மே கலவரத்துக்குப் பின் 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் கூடவே இல்லை.

மாமன்னர், 70 உறுப்பினர் கொண்ட மேலவை, 222 உறுப்பினர் கொண்ட மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம். இவற்றுள் மக்கள் நேரடியாக வாக்களித்து அனுப்புவது மக்களவை உறுப்பினர்களை மட்டுமே.

அங்கே இயற்றப்படும் சட்டம் நம் வீட்டு வாசல்வரை வருவதுண்டு. தொழிலாளருக்குத் தோட்டத்தில் வீடு கொடுத்தால், குழாய்நீரை இலவசமாகத் தருவதும் மின்சாரத்துக்கு வழிசெய்வதும் நிர்வாகத்தின் கருணையன்று. 1990ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி அவை கடமை. நாம் ஆயாக் கொட்டகை என்றழைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் அதில் விதியுண்டு.

சட்டம் முதலில் மசோதாவாகவே அவைக்கு வரும். முதல் வாசிப்பில் தலைப்பு மட்டுமே படிக்கப்பெறும். இரண்டாம் வாசிப்பில்தான் விவாதம் சூடுபிடிக்கும். அதன்பின் அவை குழுவாக அமர்ந்து ஒவ்வொரு பிரிவாக ஆராயும். மூன்றாம் வாசிப்பு முடிந்ததும் மசோதா மற்ற அவைக்குச் செல்லும். இறுதியில் மாமன்னரின் ஒப்புதலுக்குப் போகும்.

2021 டிசம்பரிலிருந்து 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. ஆனால், அடையாள அட்டையிலுள்ள முகவரிப்படியே தொகுதி அமையும். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த பெற்றோர் பலரின் அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கக்கூடும். தேர்தலுக்கு முன்பே அதனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளல் நலம்.